நாலு அங்குலக் குழாய்

செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. காலை இழுத்தால் கால் மட்டும் வந்தது. ஒற்றைக் காலில் நின்றபடி எலுமிச்சைக் கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து கையால் துழாவினேன். பிடித்த கிளையிலிருந்து ஏழெட்டு இலைகள் தொட்டதற்கே உதிர்ந்தன. எல்லாம் மஞ்சள். மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. தெருவில் மறுபடி புழுதி கிளம்பிவிட்டது. மாடியில் காயப்போட்ட துணி ஒரு மணி நேரத்தில் முறுமுறுவென்று காய்ந்துவிடுகிறது. எங்கள் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் மட்டும் தண்ணீர் அப்படியே நின்றது, யாரோ வரச்சொல்லிவிட்டு மறந்துபோன விருந்தாளி மாதிரி.

"அங்க என்ன ஒத்தைக்கால் தவம்?" என்றார் வீட்டுக்காரர், பின்வாசல் படியில் பேப்பரை விரித்தபடி.

"செருப்பு போச்சு."

"எந்தக் கால்?"

முப்பத்தைந்து வருஷம் பஸ் டெப்போவில் நேரம் குறித்தவர். எந்த வண்டி, எத்தனை மணி, எத்தனை நிமிஷம் தாமதம் என்று விவரம் முழுசாக இல்லாமல் எந்தச் செய்தியையும் ஏற்றுக்கொள்ளமாட்டார். இடது கால் என்று சொன்னதும் திருப்தியாகி அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

இருபத்தாறு வருஷத்துத் தோட்டம் அது. ஒரு எலுமிச்சை, ஒரு கொய்யா, ஒரு மாதுளை, ஓரத்தில் வரிசையாகச் செம்பருத்தி, நடுவில் ரோஜாக்கள். ஐந்தாறு வருஷத்துக்கு முன்பு வரை எந்தக் குறையும் இல்லை. அப்புறம் ஒவ்வொன்றாகச் சுணங்க ஆரம்பித்தன. முதலில் ரோஜாக்கள் போயின. போன வருஷம் கொய்யா பூத்ததோடு சரி, காய்க்கவில்லை. நான் ஓய்வு பெறும்வரை மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். சீட்டில் எழுதியிருப்பதைப் படித்து எடுத்துக் கொடுத்தே கை பழகியது. சீட்டு எழுதுகிற அறிவு வேறு என்பதை மறந்துவிட்டேன். இலை மஞ்சளாகிறதா, இரும்புச் சத்து. ஓரம் கருகுகிறதா, வேறு ஒரு தூள். ஒரு வீடியோவில் சொன்னார்கள் என்று இரண்டு வண்டி மணல் வாங்கிக் கொட்டினேன். அது களிமண்ணோடு சேர்ந்து பாதி சுட்ட செங்கல் மாதிரி இறுகிவிட்டது. இப்போது எலுமிச்சையின் முறை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதை நான் மட்டும் நடவில்லை.

பழைய கடை முதலாளி சொல்லித்தான் மட்டக்காரர் வந்தார். அவருக்குப் பேர் என்னவோ இருந்திருக்கும். எல்லோரும் மட்டக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். தோளில் சுருட்டி மாட்டிய நீளமான பிளாஸ்டிக் குழாய், அதில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் இரண்டு இடத்தில் தூக்கிப் பிடித்தால் எது மேடு எது பள்ளம் என்று சொல்லிவிடுவார். கூடவே அவர் மனைவி, கடப்பாரையும் சட்டியுமாக. அவர்கள் மரங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தார்கள். நான் போட்ட மருந்துகளையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். மட்டக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கு மூச்சு முட்டுதும்மா. மூச்சு முட்டறவங்களுக்கு டானிக் குடுத்து என்ன பண்ண?" என்றார்.

கொஞ்சம் மேடான இடமாகப் பார்த்து அவர் மனைவி ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினார். அதில் தண்ணீரை நிரப்பி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். வீட்டுக்காரருக்கு அன்று முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பல வருஷமாகப் பார்த்ததில்லை. ஒரு நோட்டு, ஒரு அளவுகோல், ஒரு நாற்காலி. மணிக்கு ஒருமுறை எழுந்து போய் அளந்து எழுதினார். மறுநாள் காலை மட்டக்காரர் வந்தபோது நோட்டை நீட்டினார். "பதினாறு மணி நேரம். மொத்தம் ரெண்டு விரக்கடை."

"ரெண்டு மணி நேரத்துல காலியாகியிருக்கணும் சார்." மட்டக்காரர் குழிக்குள் கையை விட்டு ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினார். அது சாம்பல் நிறத்தில் பந்தாக உருண்டது. ஊறிப்போன துணி மாதிரி நாற்றம். இன்னும் தோண்டியபோது சிமெண்டுக் கட்டிகளும் உடைந்த செங்கல்லும் வந்தன. "இது மேல்மண்ணு இல்லையே. ஆழத்துலேர்ந்து தோண்டி யாரோ பரப்பியிருக்காங்க."

வீட்டுக்காரர் பேப்பரின் ஒரு பக்கத்தைப் புரட்டினார். அது நேற்றைய பேப்பர்.

பிறகு குழாயில் தண்ணீர் நிரப்பி, தோட்டத்தின் நாலு மூலைக்கும் போனார்கள். படியிலிருந்து பார்த்தால் தரை சமமாகத்தான் தெரியும். ஆனால் கிழக்கு மூலை நாலு அங்குலம் தாழ்வு. மட்டக்காரர் அந்த மூலைக்குப் போய், அங்கே நின்ற சுவரைத் தட்டிப் பார்த்தார். ஏழடி உயரச் சுவர், கருங்கல் அஸ்திவாரம். "நல்ல கட்டு," என்றார். "தண்ணி போகணும்னு நினைக்கிற இடத்துல சரியா கொண்டுபோய் நிறுத்தியிருக்காங்க. முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?"

"வேலி," என்றேன்.

"வேலிக்கு அந்தப் பக்கம்?"

நான் எலுமிச்சையில் ஒரு மஞ்சள் இலையைக் கிள்ளினேன். வீட்டுக்காரர் நோட்டை மூடினார். மட்டக்காரரின் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் டீச்சர். தெருவுக்கெல்லாம் டீச்சர்; எனக்கு மட்டும் 'கணக்கு'. அவளுக்கு நான் 'மாத்திரை'. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த அதே வருஷம்தான், நாலு வயசுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அவளும் வந்தாள். கணவர் அதற்கு முந்தைய வருஷம் இறந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேலியில் ஒரு ஆள் நுழைகிற அளவு இடைவெளி இருந்தது. செடி அங்கே வளரவே இல்லை, நாங்கள் வளரவிடவில்லை. காலையில் அவள் வீட்டுப் பால் எங்கள் வீட்டில் காயும், எங்கள் வீட்டு இட்லி மாவு... இல்லை, அப்படிச் சொன்னால் ஏதோ கொடுக்கல் வாங்கல் மாதிரி ஆகிவிடும். அது வேறு. ஒரு நாள் முழுக்கக் கடையில் நின்று கால் கடுத்து வந்து, அவள் தோட்டத்துக் கல்லில் உட்கார்ந்து, ஒன்றுமே பேசாமல் அரை மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்தால் கால்வலி போய்விடும். அப்படி ஒரு மனுஷி. எலுமிச்சைக் கன்றை அவள்தான் வாங்கி வந்தாள். தன் பக்கம் வெயில் போதாது என்று என் பக்கம் நட்டோம். குழியை நான் வெட்ட, "இன்னும் மூணு அங்குலம்டி மாத்திரை" என்று மேலே நின்று சொன்னாள்.

என் மகனும் அவள் மகளும் அந்த இடைவெளியில் நுழைந்து நுழைந்தே வளர்ந்தார்கள். அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தால் என்ன என்று முதலில் சொன்னது நானா அவளா என்று இப்போது நினைவில்லை. எங்களுக்குத்தான் அந்த ஆசை இருந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. நிச்சயமான அன்று ஒரு உறவுக்காரி, "இனிமே வாடி போடி எல்லாம் வேண்டாம், சம்பந்தியாயிட்டீங்க, நாலு பேர் பார்ப்பாங்க" என்றாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். விளையாட்டாக ஒருவரை ஒருவர் 'வாங்க சம்பந்தி, உட்காருங்க சம்பந்தி' என்று கூப்பிட ஆரம்பித்தோம். ஒரு மாதத்தில் அது விளையாட்டாக இல்லாமல் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாற்காலி தள்ளி உட்கார ஆரம்பித்தோம். 'நீ' என்று பேசியபோது இருந்த ஏதோ ஒன்று 'நீங்க'வில் வரவில்லை.

மூன்று வருஷம் ஓடியது. பிறகு என் மகன், தனக்கு ஒத்துவரவில்லை, பிரிந்துவிடலாம் என்றான். அவனுக்கு வேறு ஒரு பெண்ணோடு பழக்கம். எனக்கு அது தெரியும். அவன் சொல்லவில்லை, போனில் பேசும்போது குரல் மாறுவதை வைத்தே தெரிந்துகொண்டேன். பெரியவர்கள் நாலு பேரை வைத்துப் பேச உட்கார்ந்த அன்று, காரணம் என்ன என்று கேட்டார்கள். மகன் தலையைக் குனிந்துகொண்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீச்சரைப் பார்த்துச் சொன்னேன்: "அப்பா இல்லாம வளர்ந்த பொண்ணு. நீங்க வளர்த்த வளர்ப்பு அப்படி."

ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். டீச்சர் எழுந்து நின்றாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். மகளைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த மாதம் வீட்டுக்காரர், இனி எதற்கு இந்த வேலி என்று அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சுவர் எழுப்பினார். நான் தடுக்கவில்லை. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய களிமண்ணையும் மிச்சமான கட்டியையும் வெளியே அள்ளிக்கொண்டு போக ஆள் கிடைக்காமல் தோட்டத்திலேயே பரப்பி மிதித்துச் சமமாக்கினார். "பார், மைதானம் மாதிரி ஆயிடுச்சு" என்றார் அன்று.

இப்போது தண்ணீர் தெருப்பக்கம் போக வழியில்லை. ரோட்டை உயர்த்தி உயர்த்தி எங்கள் வாசல் பள்ளமாகிவிட்டது. டீச்சர் வீட்டை ஒட்டிப் போகும் சந்தில்தான் ஆழமான சாக்கடை. சுவரோரமாக வாய்க்கால் வெட்டி, ஓட்டை போட்ட குழாயை ஜல்லிக்குள் பதித்து, சுவருக்கு அடியில் துளை போட்டு, அவர்கள் தரை வழியாகச் சந்துக்குக் கொண்டுபோனால் போதும். "பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை கேளுங்க," என்றார் மட்டக்காரர்.

"மோட்டார் வெச்சு இறைச்சுட்டா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒவ்வொரு மழைக்குமா சார்?"

"நான் கட்டின சுவரு. அதுல ஓட்டை போட அங்க போயி நான் நிக்கணுமா?"

"நீங்க நிக்க வேண்டாம். நான் போறேன்," என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் இவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்கக்கூடாது. ஆறு வருஷமாக எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று போக முடியாது. நலம் விசாரிக்கப் போக முடியாது. சும்மா போக முடியவே முடியாது. இப்போது மண்ணும் தண்ணீரும் சேர்ந்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கின்றன. அறைக்குள் போய்ப் புடவையை மாற்றினேன். ரொம்ப நல்ல புடவையாக இருக்கிறதே என்று மறுபடி பழையதையே கட்டிக்கொண்டேன்.

எங்கள் கேட்டிலிருந்து அவள் கேட்டுக்கு முப்பது அடி இருக்கும். மணியை அடித்தேன். கதவைத் திறந்தவள் ஒரு கணம் என்னை யாரோ என்று பார்த்தாள். நானும்தான். முடி முழுக்க வெளுத்து, முழங்காலில் ஒரு பட்டை போட்டிருந்தாள்.

"வாங்க," என்றாள்.

"பின்பக்கம் தண்ணி நிக்குது. அதான்... ஒரு குழாய் போடணும்னு சொல்றாங்க. இந்த வழியா."

"வந்து பாருங்க."

வீட்டைத் தாண்டிப் பின்பக்கக் கதவைத் திறந்தாள். நான் படியிலேயே நின்றுவிட்டேன். ஆறு வருஷமாக, மாடி ஏறினால்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல், சுவருக்கு அந்தப் பக்கம் என்ன பூத்திருக்கும், எந்த மரம் எவ்வளவு உயர்ந்திருக்கும் என்று நான் மனசுக்குள் நட்டு வளர்த்த தோட்டம் ஒன்று இருந்தது. அங்கே அது இல்லை. சுவரிலிருந்து சுவர் வரை சிமெண்டுத் தரை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு துணிக்கொடி, மூலையில் ஒரு துடைப்பம். நான் உட்காருகிற கல் இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி.

"எப்போ?" என்றேன்.

"நாலு வருஷம் ஆச்சு. முட்டி முடியல. குனிய முடியல." பிறகு நேராக விஷயத்துக்கு வந்தாள். "சரிவு எவ்வளவு குடுக்கறாங்க?"

"பத்தடிக்கு ஒரு அங்குலம்னார்."

"நூத்திருபதுக்கு ஒண்ணு. சுவரிலேர்ந்து சந்து இருபத்தெட்டு அடி. ரெண்டே முக்கால் அங்குலம் இறங்கணும்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சரியா வரும். உடைச்சுக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான். காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் திரும்பி வந்து, சரி சொல்லிவிட்டார்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏதாவது பேசுச்சா?" என்றார். "கணக்குப் போட்டா," என்றேன்.

வேலை நாலு நாள் நடந்தது. முதல் இரண்டு நாள் எங்கள் பக்கம். வாய்க்காலை நேராக வெட்டாமல், எலுமிச்சைக்கு அருகில் வந்ததும் வளைத்துக்கொண்டு போனார்கள். அங்கே கடப்பாரையை வைத்துவிட்டு, மட்டக்காரரின் மனைவி உட்கார்ந்து கையாலேயே மண்ணைத் தோண்டி எடுத்தார். விரல் தடிமனுக்கு மேல் இருந்த எந்த வேரையும் அவர் வெட்டவிடவில்லை. சில வேர்கள் கறுத்து, இழுத்ததும் தோல் தனியாகக் கையோடு வந்தது. சில வெள்ளையாக இருந்தன. "பாதிக்குப் பாதி," என்றார். "பொழைக்குமா?" என்று கேட்டேன். "மரத்துக்கே இன்னும் தெரிஞ்சிருக்காதும்மா. ஒரு பருவம் போகட்டும்."

வெட்டிய களிமண்ணைத் தோட்டத்திலேயே பரப்பலாமே என்று வீட்டுக்காரர் வாய் வரை கொண்டுவந்தார். நான் பார்த்த பார்வையில் அதை முழுங்கிவிட்டார். அது முழுவதும் வண்டியில் வெளியே போயிற்று. வாய்க்காலில் மண்ணை வடிகட்டும் கெட்டித் துணியை விரித்து, ஜல்லி போட்டு, அதன்மேல் நாலு அங்குலக் குழாயை ஓட்டைகள் கீழே பார்க்கும்படி வைத்து, மறுபடி ஜல்லி போட்டுத் துணியால் மூடினார்கள். மேலே மக்கிய இலையும் எருவும் கலந்த மண். மட்டக்காரர் ஐந்தடிக்கு ஒருமுறை மட்டம் பார்த்தார். வீட்டுக்காரர் மட்டக் குழாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் சுவருக்கு அடியில் துளை போட்டார்கள். உளியின் ஒவ்வொரு அடிக்கும் வீட்டுக்காரர் கண்ணை மூடி மூடித் திறந்தார். கல் விழுந்து வெளிச்சம் வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் தெருவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். சிமெண்டுத் தரையில் ஒரு முழ அகலத்துக்குக் கோடு போட்டு உடைத்துக்கொண்டே வந்திருந்தார்கள். அடியில் மண் வெளுத்துப்போய் மாவு மாதிரி இருந்தது. நான் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே பின்னால் ஒரு அடி வைத்தேன்.

"ஏய், பார்த்துடி! பள்ளம்!"

டீச்சரின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். "பார்த்து வாங்க," என்றாள், மெதுவாக.

மட்டக்காரரும் மனைவியும் சாப்பிடப் போனார்கள். ஒரே டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, உப்பு அதிகம் என்று அவரும், உடைத்த கல்லின் தூசி வாயில் இருக்கிறது என்று இவரும் வாதாடுவது சந்திலிருந்து கேட்டது. நாங்கள் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். நடுவில் பள்ளம். அவள் முழங்கால் பட்டையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"அவளுக்குக் கல்யாணம். அடுத்த மாசம். வேற யார் மூலமாவாவது உங்க காதுக்கு வரதுக்குள்ள நானே சொல்லிடணும்னு நினைச்சேன்."

"பையன் எப்படி?"

"அவளா பார்த்தது. நான் இந்தத் தடவை வாயே தொறக்கல." லேசாகச் சிரித்தாள். "கல்யாணத்துக்கு அப்புறம் என்னையும் அங்கயே வந்துடச் சொல்றா. தனியா எதுக்கு இருக்கேன்னு."

ஆறு வருஷம் பேசாமலேதான் இருந்தோம். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருந்தாள். காலையில் அவள் வாளியை வைக்கும் சத்தம், தொட்டியின் மூடி திறக்கும் சத்தம், கொடியில் துணியை உதறும்போது வரும் அந்த ஒற்றைச் சத்தம். அதைக் கேட்டுவிட்டுத்தான் என் நாள் நகர்ந்தது என்பது அவள் போய்விடுவாள் என்று கேட்ட அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

"போகப்போறீங்களா?"

"யோசிச்சுட்டு இருக்கேன்."

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்த வாக்கியம். ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. "அன்னிக்கு நான் சொன்னது," என்று ஆரம்பித்தேன். "எனக்குத் தெரியும். அவன்மேலதான் தப்புன்னு அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவள் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தில் டப்பா கழுவும் சத்தம் கேட்டது.

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்," என்றாள். "தெரியாம சொல்லியிருந்தா போகுதுன்னு விட்டிருப்பேன். மத்தவங்க சொன்னதெல்லாம் மறந்துபோச்சு. யார் யார் வந்தாங்கன்னே ஞாபகமில்ல. நீ சொன்னது மட்டும்..." நிறுத்தினாள். சொல்லிக்கொடுக்கும்போது விரலால் காற்றில் எழுதும் பழக்கம் அவளுக்கு உண்டு. இப்போது ஆள்காட்டி விரல் நாற்காலியின் கையில் எதையோ எழுதி அழித்தது. "முட்டி வலின்னு சொன்னேன் இல்ல? வலி இருக்கு. ஆனா அதுக்காக மூடல. நீ அந்தப் பக்கம் செடிங்ககிட்ட பேசிட்டு இருப்ப. இலை ஏன் இப்படி ஆச்சு, தண்ணி போதுமான்னு. எல்லாம் கேக்கும். நான் இங்க உட்கார்ந்து மண்ணைக் கிளறிட்டே கேட்டுட்டு இருப்பேன். ஒருநாள் நீ ஏதோ கேட்டதுக்கு நான் பதில் சொல்லிட்டேன். சத்தமா இல்ல, மெதுவாத்தான். மறுநாளே ஆளைக் கூப்பிட்டுச் சிமெண்ட் போட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை, அவள் எப்போதுமே அழுகிற ஜாதி இல்லை. என்ன கேள்விக்கு என்ன பதில் சொன்னாள் என்று கேட்கத் துடித்தேன். அதற்குள் மட்டக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து கடப்பாரையை எடுத்தார். டீச்சர் எழுந்து, "வெயில் ஏறுது, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள். நீங்க.

நாலாம் நாள் மாலை வேலை முடிந்தது. சுவரின் இரண்டு பக்கமும் ஒட்டி, ஒரு அடி ஆழத்தில் பக்கத்துக்கு ஒரு சின்னத் தொட்டி கட்டிச் சிமெண்டு மூடி போட்டிருந்தார்கள். மழை பெய்து விட்டதும் மூடியைத் தூக்கிப் பார்த்து, இலை குச்சி அடைத்திருந்தால் எடுத்துவிட வேண்டும், இரண்டு வீட்டிலும், என்று மட்டக்காரர் இரண்டு தடவை சொன்னார். உடைத்த தரையை மறுபடி சிமெண்டு பூசி மூடவா என்று டீச்சரைக் கேட்டார். அவள் அந்த ஒரு முழ அகலக் கோட்டை, சுவரிலிருந்து சந்துவரை கண்ணால் ஒரு நடை போய்வந்தாள். "இப்போதைக்கு மண்ணைப் போட்டு மூடுங்க. அப்புறம் பார்க்கலாம்."

அதன்பிறகு மூன்று வாரம் மழையே இல்லை. அவளும் வரவில்லை, நானும் போகவில்லை. போக நினைத்துக் கேட் வரை இரண்டு தடவை போனேன். குழாய் வேலை முடிந்துவிட்டது, இனி என்ன சொல்லிக்கொண்டு போவது. அவள் அன்று சொன்ன 'உனக்கு'வை நாக்கில் வைத்துக்கொண்டே சமைத்தேன், பெருக்கினேன், துணி மடித்தேன். தோட்டத்துக்குப் போனால் செடிகளிடம் பேச வாய் வரவில்லை. யாராவது கேட்பார்கள் என்று இருந்தது. ஒருநாள் அவள் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. மேலே ஒரு பெட்டி. மாடியில் துணி எடுக்கப் போனவள் அப்படியே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் இறங்கினாள், கூடவே ஒரு பையன். பெட்டி உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். 'அத்தை' என்று கூப்பிட்டுப் பழகிய வாய். கையைத் தூக்குவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் நானே தூக்கிவிட்டேன். அவளும் தூக்கினாள், பாதி வரை. பிறகு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாளில் கார் கிளம்பிப் போனது. அதில் யார் யார் போனார்கள் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று மாலையும் மறுநாளும் அவள் தண்ணீர்த் தொட்டி மூடியின் சத்தம் கேட்கவில்லை.

அதற்கடுத்த நாள் விடிவதற்கு முன் மழை பிடித்துக்கொண்டது. பத்து மணி வரை விடாமல் கொட்டியது. வீட்டுக்காரர் படியில் நாற்காலி போட்டு, மடியில் நோட்டோடு உட்கார்ந்துவிட்டார். மழை விட்டதும் நேரத்தைக் குறித்தார். தண்ணீர் தோட்டம் முழுக்கப் பரவி நின்றது. பத்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாய்க்கால் போன வழி மட்டும் கறுப்பாக ஒரு கோடு மாதிரி தெரிந்தது. அந்தக் கோடு அகலமாயிற்று. மிதந்துகொண்டிருந்த காய்ந்த இலைகள் எல்லாம் ஒரே பக்கமாக நகர ஆரம்பித்தன. "போகுதுடி," என்றார் அவர். அடுத்து நோட்டில் எழுதியபோது மேற்குப் பக்கம் தரை தெரிந்தது. "மேற்கால முழுசா போயிடுச்சு. முப்பத்தஞ்சு நிமிஷம்." சற்று நேரம் கழித்து, "அந்த மூலைல மட்டும் ஏன் தேங்குது?" என்றார்.

சுவரோரம் போனேன். தரை ஈரமாக இருந்தது, ஆனால் கால் புதையவில்லை. தொட்டியின் மூடியைத் தூக்கினேன். கலங்கிய தண்ணீர் விளிம்பு வரை நின்றது. குழாயின் வாயில் மாதுளைக் குச்சி ஒன்று குறுக்கே சொருகி, அதைச் சுற்றி இலைகள் அடையாக அப்பியிருந்தன. முட்டி போட்டு உட்கார்ந்து, முழங்கை வரை கையை விட்டேன். இலைகளை வழித்தெடுத்துப் போட்டேன். குச்சியின் இந்த முனை விரலில் அகப்பட்டது. இழுத்தேன், வரவில்லை. அடுத்த முனை குழாய்க்குள் வெகுதூரம் போயிருந்தது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுக்கப் பிடியை மாற்றினேன்.

குச்சி என் கையில் அசைந்தது. தண்ணீர் அசைத்திருக்கும் என்று நினைத்தேன். மறுபடி அசைந்தது, இந்தத் தடவை அந்தப் பக்கமாக, சீராக, யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி. சுவருக்கு அப்பால் சிமெண்டு மூடி கல்லில் உரசும் சத்தமும், முழங்காலை மடக்க முடியாதவர்கள் உட்காரும்போது விடுகிற அந்த மூச்சும் கேட்டன.

விட்டுவிட்டால் குச்சி அந்தப் பக்கம் போய்விடும், தண்ணீரும் வடிந்துவிடும். படியிலிருந்து வீட்டுக்காரர் இன்னும் எத்தனை நிமிஷம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.